மார்ட்டினி-ஹென்றி வாங்கும்போது முத்திரையைக் கடைசியாகப் பாருங்கள்

ஏலத்துக்கு வரும் மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளைக் கையில் எடுத்ததும் எல்லோரும் முதலில் தேடுவது ரிசீவரின் (பேரலுக்குப் பின்னால் இயங்கும் பாகங்களைத் தாங்கும் இரும்புக் கூடு) வலப்பக்கத்தில் இருக்கும் கிரீடத்தையும் அதன் கீழே உள்ள ஆண்டையும்தான். போலி செய்பவருக்கும் அது தெரியும். அதனால்தான் கைபர் கணவாய்ப் பட்டறைகளில் செய்த துப்பாக்கிகளில் மற்ற எதுவும் அரைகுறையாக இருந்தாலும் கிரீடமும் ஆண்டும் மட்டும் தவறாமல் இருக்கும். இந்த ரைஃபிளை வாங்க நினைப்பவர்கள் பார்க்கும் வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். முதலில் அளவு, அடுத்து இரும்பில் தெரியும் வேலைப்பாடு, அதன்பின் உள்பாகங்கள். முத்திரையைப் படிப்பது இவை எல்லாம் முடிந்த பிறகுதான்.

பழைய இராணுவ ரைஃபிள்கள் எத்தனையோ இருக்க, இதைப் பற்றி மட்டும் தனியாக எழுதக் காரணம் உண்டு. அசலும், கையால் செய்த நகலும், நேபாளத்தின் சொந்தத் தயாரிப்பும் ஒரே சந்தையில், ஒரே பெயரில், சில நேரம் ஒரே மேசையிலேயே விற்பனைக்கு இருக்கின்றன. லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கும் நம்மவர்களில் இந்தச் சேகரிப்பில் இறங்குபவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ள வழிகாட்டிகளை நம்பித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. தமிழிலும் ஒன்று இருக்கட்டும்.

என்ன துப்பாக்கி இது

1871-இல் பிரிட்டிஷ் தரைப்படை ஏற்றுக்கொண்ட ஒற்றைத் தோட்டா ரைஃபிள் இது. பின்பக்கம் திறந்து தோட்டா போடும் அமைப்பு சுவிட்சர்லாந்தில் தொழில் நடத்திய ஃபிரீட்ரிக் ஃபான் மார்ட்டினியுடையது. அவருக்கு முன்னோடி, 1862-இல் பாஸ்டன் நகரத்து ஹென்றி பீபாடி காப்புரிமை பெற்ற அமைப்பு. பேரலுக்குள் வெட்டிய ஏழு வரிப்பள்ளங்கள் எடின்பரோவைச் சேர்ந்த துப்பாக்கி செய்பவர் அலெக்சாண்டர் ஹென்றியின் வடிவமைப்பு. பெயரின் இரண்டாம் பாதி அவருடையது, பீபாடியுடையது இல்லை.

தோட்டாவின் அளவை அங்குலக் கணக்கில் .577/450 என்று குறிப்பார்கள். முந்தைய ஸ்னைடர் ரைஃபிளின் .577 தோட்டா உறையை நீட்டி, கழுத்தை .450-க்கு ஒடுக்கியது. 480 கிரெயின் ஈயக்குண்டு, 85 கிரெயின் கரும்மருந்து (கிரெயின் என்பது எடை அலகு). மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டித்தான் ஆரம்ப காலத்து உறைகளைச் செய்தார்கள். பேரலின் சூடேறிய தோட்டா அறையில் அந்த உறை ஒட்டிக்கொண்டு வெளியே வராமல் போன சிக்கல் 1885-இல் சூடான் போரில் பெரிதாகப் பேசப்பட்டது. கடைசி வகையான மார்க் 4-இல் பின்பக்கத்தைத் திறந்து மூடும் லீவர் நீளமானதற்குக் காரணம் அதுதான். நீண்ட லீவர் உறையைப் பிடுங்க அதிக நெம்புவிசை தரும்.

வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மார்க் 1 வந்தது 1871-இல், மார்க் 2 1877-இல், மார்க் 3 1879-இல். மார்க் 4-க்கு 1887-இல் ஒப்புதல் கிடைத்தது. அடுத்த ஆண்டே லீ-மெட்ஃபோர்ட் என்ற புதிய ரைஃபிள் வந்துவிட்டதால் மார்க் 4-இன் முதல்நிலைப் படைச் சேவை குறுகியது. இந்த ஆண்டுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துப்பாக்கியின் கதை பொய் என்று கண்டுபிடிக்கப் பெரும்பாலும் இந்த நான்கு எண்களே போதும்.

சந்தைக்கு வந்து சேர்ந்த மூன்று வழிகள்

பிரிட்டனிலேயே தங்கிவிட்டவை முதல் வகை. தன்னார்வப் படைகளிலும் பள்ளிப் பயிற்சிப் படைகளிலும் இருந்து, பிறகு தனியார் கைக்கு வந்தவை. இவற்றின் நிலை பொதுவாக நன்றாக இருக்கும், விலையும் அதற்கேற்ப அதிகம்.

நேபாளத்திலிருந்து வந்தவை இரண்டாம் வகை. காத்மாண்டில் லகன் சிலேகானா என்ற பழைய ஆயுதக் கிடங்கில் நூறு ஆண்டுகளுக்கு மேல் குவிந்து கிடந்தவற்றை 2003-இல் இன்டர்நேஷனல் மிலிட்டரி ஆன்டிக்ஸ், அட்லாண்டா கட்லரி என்ற இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து வாங்கின. இன்று சாதாரணச் சேகரிப்பாளரால் கட்டுப்படியாகும் விலையில் மார்ட்டினி-ஹென்றி கிடைக்கிறது என்றால் அதற்கு முக்கியக் காரணம் அந்தக் கிடங்குதான். குறுகிய லீவர் மார்க் 2, நீண்ட லீவர் மார்க் 4 இரண்டும் அங்கிருந்து ஏராளமாக வந்தன. அழுக்கு, இறுகிப்போன கிரீஸ், விரிசல் விட்ட கட்டை எல்லாம் இருக்கும். ஆனால் பெரும்பாலும் அசல்.

அதே கிடங்கிலிருந்து கெஹேந்திரா ரைஃபிளும் வந்தது. ஜெனரல் கெஹேந்திர ஷம்ஷேர் பெயரால் அழைக்கப்படும் இது நேபாளத்திலேயே கையால் செய்யப்பட்டது. தூரத்தில் பார்த்தால் மார்ட்டினி-ஹென்றி மாதிரியே இருக்கும். உள்ளே மார்ட்டினியின் சுருள்வில்லுக்குப் பதிலாகப் பட்டைவில், பாகங்கள் மேல் தேவநாகரி எண்கள். கையால் பொருத்தியது என்பதால் ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றுக்குச் சேராது, அதற்காகத்தான் எண் போட்டார்கள். இதைப் போலி என்று ஒதுக்குவது பெரிய அநியாயம். இது தன்னளவில் ஒரு நாட்டின் தொழில் வரலாறு. மார்ட்டினி-ஹென்றி விலை கொடுத்து வாங்காமல் இருந்தால் போதும். இரும்பின் தரம் ஒன்றுக்கொன்று மாறுபடும் என்பதால் இதில் சுடவே கூடாது.

மூன்றாவது வகைதான் கைபர் கணவாய் நகல்கள். பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் என்ற ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் தலைமுறை தலைமுறையாக உளி, அரம், கைத்துரப்பணம் வைத்துத் துப்பாக்கி செய்தார்கள். 2001-க்குப் பிறகு ஆப்கானிஸ்தானில் இருந்த வெளிநாட்டுப் படைவீரர்கள் முகாம் சந்தைகளில் நினைவுப்பொருளாக இவற்றை வாங்கி ஊருக்குக் கொண்டுபோனார்கள். இன்று வீடு காலி செய்யும் விற்பனைகளில் தலைகாட்டுபவை பெரும்பாலும் அவைதான். விற்பவர் ஏமாற்ற நினைத்திருக்க மாட்டார், அவருக்கே தெரியாது.

கையில் எடுத்ததும் செய்ய வேண்டியது

எந்தக் காலத்துத் துப்பாக்கியானாலும் குண்டு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மார்ட்டினியில் வெளியே சுத்தியல் இல்லை. லீவரை இறக்கி ஏற்றினாலே உள்ளே காக் ஆகிவிடும், அதாவது சுடத் தயாராகிவிடும். ரிசீவரின் வலப்பக்கத்தில் கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு முள் இருக்கும், அது திசை மாறி நின்றால் காக் ஆகியிருக்கிறது என்று பொருள். லீவரை இறக்கி, அறைக்குள் கண்ணால் பார்த்து, விரலையும் விட்டுப் பாருங்கள். பிறகு ஒரு மரக்குச்சியை முன்வாயிலிருந்து உள்ளே விட்டு, பேரலின் வெளிநீளத்தோடு ஒப்பிடுங்கள். பேரலுக்குள் நடுவில் ஏதாவது அடைத்துக்கொண்டிருந்தால் இதில் தெரிந்துவிடும். ட்ரிக்கரைக் காலியாக இழுத்துப் பார்க்காதீர்கள். தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசியான ஸ்ட்ரைக்கரின் நூற்றைம்பது வருடத்து முனை உடைந்தால் மாற்று தேடி அலைய வேண்டும்.

அளவெடுக்கவும் அதே குச்சி போதும். லீவரை மூடி, குச்சி பிரீச் பிளாக்கை (அறையின் பின்வாயை மூடும் இரும்புத் துண்டு) தொடும் இடம் வரை விட்டு, முன்வாய் விளிம்பில் அடையாளம் போட்டு அளக்கவும். ரைஃபிள் என்றால் 33.2 அங்குலத்தை ஒட்டி வரவேண்டும். மொத்த நீளம் 49 அங்குலம் சுமார், எடை கிட்டத்தட்ட 4 கிலோ. பேரல் அரை அங்குலம் குறைந்தால்கூட நின்று யோசியுங்கள். முன்வாய் தேய்ந்துபோனதால் வெட்டிச் சீர்செய்திருக்கலாம், அல்லது அளவே தெரியாமல் செய்த நகலாக இருக்கலாம்.

கார்பைன் (குட்டை ரைஃபிள்) என்று விற்றால் இன்னும் கவனம் தேவை. குதிரைப்படை கார்பைனின் பேரல் 21.4 அங்குலம் சுமார். அதன் ரிசீவரில் ஐ.சி.1 என்ற முத்திரை இருக்கும். அந்த முத்திரை இல்லாமல், ரைஃபிளின் மார்க் எண்ணோடு, குட்டையான பேரலுடன் ஒன்று வந்தால் அது பெரும்பாலும் யாரோ ரம்பத்தால் அறுத்த ரைஃபிளாகவே இருக்கும். மதிப்பு பாதிக்கும் கீழே போய்விடும்.

இரும்பு சொல்வது

அசல் மார்ட்டினி-ஹென்றி இயந்திரத்தில் வெட்டியது. என்ஃபீல்ட் அரசுத் தொழிற்சாலையும், பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ.-வும், லண்டன் ஸ்மால் ஆர்ம்ஸும், நேஷனல் ஆர்ம்ஸ் அண்ட் அம்யூனிஷனும் செய்த பாகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடியவை. ஒரு பாகத்தை அதற்கான இடத்தில் பொருத்த அரம் தேவைப்படாது. அதனால் ரிசீவரின் சுவர்கள் இரண்டும் ஒரே தடிமனில் இருக்கும், விளிம்புகள் நேராக ஓடும், திருகு ஓட்டைகள் சரியான வட்டமாக, விளிம்பு மழுங்காமல் இருக்கும்.

கைபர் நகலை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். ரிசீவரின் தட்டையான பக்கத்தில் ஜன்னல் வெளிச்சம் விழும்போது, அசலில் ஒரே தகடாகத் தெரியும் ஒளி, நகலில் நீர்ப்பரப்பு போல நெளியும். அரம் போட்ட இடமெல்லாம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் அப்படி. பிரீச் பிளாக்கின் மேல் உள்ள தோட்டா வழுக்கும் பள்ளத்தையும் பாருங்கள். அசலில் அது நடுக்கோட்டுக்குச் சமமாக இருக்கும். நகலில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். திருகுத் தலைகளின் வெட்டு அசலில் மெல்லியதாக, நேராக, மையத்தில் ஓடும். நகலில் அகலமாக, மையம் விலகி இருக்கும். புகைப்படம் மட்டும் பார்த்து வாங்குபவர்கள் கேட்டு வாங்க வேண்டிய படம் இதுதான். முத்திரையின் படத்தை விற்பவர் தானாகவே போடுவார். திருகுத் தலையின் படத்தைக் கேட்டால்தான் போடுவார்.

உள்ளே பார்க்க பிளாக்கைக் கழற்ற வேண்டும், விற்பவர் அனுமதித்தால். ரிசீவரின் பின்பகுதியில் குறுக்காக ஓடும் ஊசிதான் பிளாக்கின் அச்சு. அதன் ஒரு முனை பிளவுபட்டிருக்கும். அந்த முனையைச் சற்று நெருக்கி, அந்தப் பக்கத்திலிருந்து பித்தளைக் குத்தூசியால் மெதுவாகத் தட்டினால் மறுபக்கம் தலை வெளியே வரும். இரும்புக் குத்தூசி வைத்து அடித்தால் பிளவு முனை காளான் மாதிரி விரிந்து ஓட்டைக்குள் மாட்டிக்கொள்ளும். ஊசி வந்தபின் லீவரைத் திறந்து, பிளாக்கின் முன்பகுதியைக் கட்டைவிரலால் கீழே அழுத்திக்கொண்டே லீவரை மெல்ல மூடிக்கொண்டு வந்தால் பின்பகுதி மேலே கிளம்பும். எப்போது கழற்றினாலும் கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்த பிளாக்கிலும், லீவரிலும், டம்ளர் என்று அழைக்கப்படும் உள்பாகத்திலும் சிறிய ஆய்வாளர் முத்திரைகளைத் தேடுங்கள். சின்னஞ்சிறு கிரீடம், கீழே எழுத்து அல்லது எண். அசலில் இவை வெளியே தெரியாத பாகங்களிலும் விரவிக் கிடக்கும், ஏனென்றால் ஒவ்வொரு பாகத்தையும் ஆய்வாளர் தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொண்டார். நகல் செய்பவர் வாங்குபவர் கண்ணுக்குப் படும் இடத்தில் மட்டும் முத்திரை குத்துவார். அதற்குப் பதில் உள்ளே அரத்தால் போட்ட கோடுகள் இருக்கும்: ஒரு பாகத்தில் மூன்று கோடு, அதற்குச் சேரும் பாகத்தில் மூன்று கோடு. கையால் பொருத்தியதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

ஒரு எச்சரிக்கை. கைபர் பட்டறைகள் அசல் பாகங்களையும் பயன்படுத்தின. அசல் பேரலும் நகல் ரிசீவரும் சேர்ந்தது உண்டு, மறுதலையும் உண்டு. ஒரு பாகம் அசல் என்று தெரிந்ததும் மற்றவற்றைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

இப்போது முத்திரைக்கு வரலாம்

அசல் இராணுவ ரைஃபிளின் ரிசீவர் வலப்பக்கத்தில் மேலிருந்து கீழாகக் கிரீடம், விக்டோரியா அரசியைக் குறிக்கும் வி.ஆர்., செய்த இடத்தின் பெயர், ஆண்டு, மார்க் எண்ணுக்கான ரோமன் எழுத்து, தர எண் 1 ஆகியவை வரும். போர்த்துறையின் டபிள்யூ.டி. எழுத்துகளும் அகன்ற அம்புக்குறியும் பாகங்களில் இருக்கும். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டினாற்போல் குத்தியிருந்தால் அது படையிலிருந்து முறையாக விற்கப்பட்டது என்பதற்கான அடையாளம். குறை என்று நினைக்க வேண்டாம்.

நகலில் எழுத்துகள் தவறும். ஆங்கிலம் படிக்கத் தெரியாத கைவினைஞர் பார்த்துச் செதுக்கியது என்பதால் என்ஃபீல்ட் என்ற பெயரின் 'என்' எழுத்து கண்ணாடியில் தெரிவதைப் போலத் திரும்பியிருக்கும். கிரீடத்தின் மணிகள் ஒழுங்கில்லாமல் இருக்கும். அசல் முத்திரை அச்சால் ஒரே அடியில் இறங்கியது, நகலில் கோடு கோடாக உளியால் வெட்டியது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் இந்த வேறுபாடு சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியும்.

ஆண்டுகளை ஒப்பிடுங்கள். விக்டோரியா 1901 ஜனவரி 22-இல் இறந்தார். வி.ஆர். முத்திரையோடு அதற்குப் பிந்திய ஆண்டு இருந்தால் பேச்சே இல்லை. மார்க் 3 என்று சொல்லி ஆண்டு 1879-க்கு முந்தியதாக இருந்தாலும் நம்ப முடியாது. ஆனால் இரண்டு விதிவிலக்குகளை அறிந்திருப்பது அவசியம். மார்க் 1 ரைஃபிள்களை எடுத்து மார்க் 2-ஆக மாற்றியபோது பழைய ஆண்டை அழிக்கவில்லை, ரோமன் ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொரு கோட்டைக் குத்தினார்கள். ஆகவே 1874 ஆண்டும் மார்க் 2 எண்ணும் சேர்ந்து வருவது இயல்பு. இரண்டு கோடுகளுக்கு இடையே இடைவெளியும் உயரமும் சற்று மாறியிருப்பதே அதற்கு அடையாளம். அதேபோல் மார்க் 4-இல் 1886 அல்லது 1887 இருந்தால் பதற வேண்டாம். .402 அளவில் என்ஃபீல்ட்-மார்ட்டினி என்று ஒரு ரைஃபிளைச் செய்யத் தொடங்கி, அந்த அளவு கைவிடப்பட்டதும், செய்து முடித்தவற்றை .577/450-க்கு மாற்றி மார்க் 4 ஆக்கினார்கள்.

மார்க் 2-ஐயும் 3-ஐயும் வெளிப்பார்வையில் பிரிக்க முன்கட்டையைப் பாருங்கள். மார்க் 1, 2 ஆகியவற்றில் முன்கட்டை குறுக்கு ஊசியால் பேரலோடு பிடிபட்டிருக்கும். மார்க் 3-இல் முன்கட்டையின் பின்முனை ஒரு கொக்கியால் ரிசீவரில் மாட்டும். கட்டையின் பக்கவாட்டில் ஊசி தெரியவில்லை, முத்திரை மட்டும் மார்க் 2 என்கிறது என்றால் கட்டை மாற்றப்பட்டிருக்கிறது.

பின்கட்டையின் வலப்பக்கம் வட்டமாக ஒரு அச்சு இருக்கும். அதிலும் மார்க் எண்ணும் ஆண்டும் வரும். நேபாளத் துப்பாக்கிகளில் இது அழுக்கின் கீழே மங்கலாகக் கிடக்கும். அவற்றின் கட்டையிலோ உலோகத்திலோ தேவநாகரி எண்கள் இருந்தால் அது நேபாளப் படை போட்ட எண். பிரிட்டிஷ் முத்திரைகளும் சரியாக இருக்கும் பட்சத்தில் அது அசலுக்கு எந்தக் குறையும் சேர்க்காது.

வி.ஆர். இல்லாமல், பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனப் பெயரும் பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரையும் மட்டும் இருந்தால் அது தனியார் விற்பனைக்குச் செய்தது. தன்னார்வப் படையினர் சொந்தக் காசில் வாங்கியவை பல இப்படித்தான் இருக்கும். நல்ல வேலைப்பாடு, அசல் பொருள். இராணுவ விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

ஜூலுப் போர் என்ற விலைச்சீட்டு

தென்னாப்பிரிக்காவில் ஜூலுகளுக்கும் பிரிட்டிஷ் படைக்கும் இடையே 1879 ஜனவரி 22-இல் இசான்டில்வானாவிலும் ரோர்க்ஸ் டிரிஃப்டிலும் நடந்த சண்டைகளால் இந்த ரைஃபிளுக்குத் தனிப் புகழ். அந்தக் காலத்து மார்க் 2 என்றாலே விலை ஏறும். இங்கே தர்க்கம் எளிது. 1879-இல் ஒப்புதல் பெற்ற மார்க் 3 அந்தச் சண்டையில் இருந்திருக்க முடியாது. மார்க் 4 கேட்கவே வேண்டாம். 1878-க்கு முந்திய ஆண்டுள்ள மார்க் 2 ஒன்று அந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று சொல்லலாம், அந்த இடத்தில் இருந்தது என்று சொல்ல முடியாது. அந்தச் சண்டைகளில் இருந்த 24-ஆம் ரெஜிமென்ட் என்று பின்தகட்டில் (பின்கட்டையின் முனைத் தகடு) எண் இருந்தால் அந்த எண்ணின் விளிம்பைப் பாருங்கள். பழைய முத்திரையின் பள்ளத்துக்குள்ளும் சுற்றியிருக்கும் இரும்பின் அதே கறுப்பு படிந்திருக்கும். பள்ளம் மட்டும் பளிச்சென்று இருந்தால் எண் நேற்றுப் பிறந்தது. எழுத்துச் சான்று இல்லாமல் போர்க்களத்துக்கென்று தனி விலை கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சட்டம், நாட்டுக்கு நாடு

இதே ரிசீவர், இதே தோற்றம், பேரல் மட்டும் .303 அளவு என்றால் அது மார்ட்டினி-மெட்ஃபோர்ட் அல்லது மார்ட்டினி-என்ஃபீல்ட். பழைய மார்ட்டினி-ஹென்றிகளை மாற்றிச் செய்தவை நிறைய. சேகரிப்பாளர் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பிரிட்டனில் .577/450 வழக்கொழிந்த தோட்டாப் பட்டியலில் இருக்கிறது. 1939 செப்டம்பர் 1-க்கு முன் செய்ததாக இருந்து, அலங்காரப் பொருளாகவோ அரும்பொருளாகவோ மட்டும் வைத்துக்கொண்டால் உரிமம் தேவையில்லை. சுட விரும்பினால் துப்பாக்கிச் சான்றிதழ் வேண்டும். .303 அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே மார்ட்டினி-என்ஃபீல்டை வீட்டுச் சுவரில் மாட்டவே சான்றிதழ் வேண்டும். கனடாவில் 1898-க்கு முன் செய்த, அடிப்பகுதியின் மையத்தில் அடிபட்டு வெடிக்கும் தோட்டா போடும் ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்குக் குழல் விட்டம் 8.3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் தொன்மைப் பொருள். .450 தாராளமாகத் தேறும். .303 என்பது 7.7 மில்லிமீட்டர், தேறாது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் ரிசீவர் செய்த ஆண்டைப் பார்க்கிறது, 1898 வரை செய்திருந்தால் தொன்மைப் பொருள். மாநிலச் சட்டங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். கைபர் நகலில் 1886 என்று செதுக்கியிருப்பதை வைத்து இந்தச் சலுகையைக் கோரினால் சிக்கல் உங்களுக்குத்தான், ஏனென்றால் அது 1960-இல் செய்ததாகக்கூட இருக்கலாம்.

இந்தியாவில் கதை வேறு. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் பழைய ஆயுதங்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்பட முடியாத நிலையில் இருப்பவற்றுக்குத்தான். இயங்கும் மார்ட்டினி-ஹென்றி தாத்தா காலத்தில் இருந்தே வீட்டில் இருந்தாலும் உரிமம் வேண்டும். நூறு ஆண்டு கடந்த பொருள் என்பதால் 1972 தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பரணில் கிடைத்தால் அதை எடுத்துச் சுத்தம் செய்வதற்கு முன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரிப்பதே சரி.

பேரலும் அறையும்

கரும்மருந்தின் புகைக்கரி காற்றின் ஈரத்தை இழுக்கும். சுட்டபின் கழுவாமல் வைத்த பேரலில் துரு குழி விழும். அறையின் முன்னால் வரும் முதல் ஒரு சாண் தூரத்தில்தான் குழி அதிகமாக இருக்கும், அந்த இடத்தை விளக்கு விட்டுப் பாருங்கள். சுவரில் மாட்ட மட்டும் என்றால் குழி பற்றிக் கவலை வேண்டாம். வரிப்பள்ளம் ஏழையும் எண்ணுங்கள். ஐந்தோ ஆறோ இருந்தால் பேரல் அசல் இல்லை.

குழலின் உள்ளளவு தெரிய ஈயத்துண்டு ஒன்றை எண்ணெய் பூசிப் பேரலுக்குள் மெல்லத் தட்டி மறுபக்கம் எடுப்பது வழக்கம். ஏழு என்பது ஒற்றைப்படை என்பதால் ஒரு பள்ளத்துக்கு நேரெதிரே மேடுதான் இருக்கும். சாதாரண வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்தால் பள்ளத்தின் விட்டம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும், அதை நம்பி வார்த்த குண்டு தொளதொளவென்று போகும். வி வடிவத் தாடை கொண்ட மைக்ரோமீட்டர் வேண்டும். அது இல்லாவிட்டால் தடிமன் தெரிந்த மெல்லிய பித்தளைத் தகட்டை ஈயத்துண்டைச் சுற்றி ஒரு சுற்று சுற்றி அளந்து, தகட்டின் தடிமனை இரண்டு மடங்காகக் கழிக்கவும். மேட்டுக்கு மேடு .450 அங்குலத்தை ஒட்டி வரும், பள்ளத்தில் அதைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கும்.

அறையின் அளவுக்கு செரோசேஃப் என்ற குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவை பயன்படும். பிளாக்கைக் கழற்றி, அறைக்குச் சற்று முன்னால் பேரலில் துணி அடைத்து, பின்பக்கத்திலிருந்து ஊற்ற வேண்டும். உறைந்ததும் வெளியே தள்ளிவிடுங்கள். முதலில் சுருங்கிப் பிறகு விரியும் தன்மை கொண்டது இது. ஊற்றி ஒரு மணி நேரத்தில் அறையின் உண்மை அளவில் இருக்கும், அப்போதுதான் அளக்க வேண்டும். மறுநாள் அளந்தால் தப்பு.

அசல் என்று உறுதியானாலும் கரும்மருந்து தவிர வேறு மருந்து இதற்கு ஆகாது. நவீனப் புகையற்ற மருந்தின் அழுத்தத்துக்கு இந்த ரிசீவர் செய்யப்படவில்லை. சுடுவதற்கு முன் துப்பாக்கி செப்பனிடும் தொழிலறிந்த ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். கைபர் நகலில், அது .577/450 ஆனாலும் .303 ஆனாலும், ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள்.

எது உடைந்திருக்கும்

கட்டையின் கழுத்து, ரிசீவர் முடியும் இடத்தில், முதலில் விரிசல் விடும். பின்கட்டையை ரிசீவரோடு பிடித்திருப்பது உள்ளே நீளவாக்கில் ஓடும் ஒரே ஒரு போல்ட். அது தளர்ந்தால் ஒவ்வொரு முறை சுடும்போதும் கட்டை உள்ளே ஆடி மரத்தைப் பிளக்கும். ரிசீவரை ஒரு கையிலும் பின்கட்டையை ஒரு கையிலும் பிடித்து மெல்ல முறுக்கிப் பாருங்கள், அசைவே கூடாது. முன்கட்டையின் நுனி, குறிபார்க்கும் பின்காட்சியின் நகரும் தகடு, துப்புரவுக் கம்பி இவை அடிக்கடி காணாமல் போயிருக்கும். மாற்று கிடைக்கும், விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

லீவரை மூடியபின் அது கீழே தொங்கினால் பிடிப்பு தேய்ந்திருக்கிறது. பிளாக்கின் முகத்தில் ஸ்ட்ரைக்கர் வரும் ஓட்டை வட்டமாகவும் சுற்றிலும் அரிப்பு இல்லாமலும் இருக்க வேண்டும். உறையை வெளியே தள்ளும் பாகத்தின் இரண்டு கொம்புகளும் முழுசாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

நேபாளத்து அழுக்கைச் சுத்தம் செய்வதில் பொறுமைதான் வேலை. உலோகப் பாகங்களை மண்ணெண்ணெயிலோ டர்பன்டைன் மாற்றிலோ இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, பித்தளை பிரஷால் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, சூட்டோடு துடைத்து எண்ணெய் பூசவும். இரும்பு பிரஷும் உப்புத்தாளும் பக்கத்திலேயே வரக்கூடாது. பளபளப்பாக்கிய ரிசீவரில் முத்திரையின் கூர்மையும் பழைய நிறமும் போய்விடும், திரும்ப வராது. கட்டைக்கு அதே கரைப்பானைத் துணியில் நனைத்துத் துடைத்து, உலர்ந்தபின் ஆளிவிதை எண்ணெயை விரலால் மிக மெல்லிய பூச்சாகத் தேய்க்கவும். ஒரு பூச்சு முழுக்கக் காய்ந்தபின் அடுத்தது. எண்ணெய் தேய்த்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயவைத்துப் பிறகு போடவும்.

பின்கட்டையைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால் பின்தகட்டின் இரண்டு திருகுகளை எடுத்து, நீண்ட, தலை அகலமான திருப்புளியை உள்ளே விட்டு போல்ட்டைத் திருப்ப வேண்டும். துரு பிடித்து நகரவில்லை என்றால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு வாரம் நிறுத்திவைத்து மறுபடி முயலுங்கள். திருப்புளி பள்ளத்தில் சரியாக உட்காராமல் திருப்பினால் போல்ட்டின் தலை சிதையும், அதன்பின் கட்டையைப் பிளக்காமல் அதை எடுக்கவே முடியாது. விரிசல் இல்லாத கட்டை இறுக்கமாக உட்கார்ந்திருந்தால் அதைக் கழற்ற எந்த அவசியமும் இல்லை.